ஒரு சென்டிமீட்டர் கம்பி

காலை 6 மணி ஷிப்டுக்கு நான் ஐந்தேகாலுக்கே போய்விடுவேன். திருவொற்றியூரில், எண்ணூர் நெடுஞ்சாலைக்குப் பக்கத்துத் தெருவில் இருக்கிறது எங்கள் பிஸ்கட் யூனிட். அந்த நேரத்தில் துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் ரோட்டில் வரிசையாக நிற்கும். ஷட்டரைத் தூக்கினால் கடல்காற்று உள்ளே வரும். மாவு போடாமல் மெஷினைப் பத்து நிமிடம் வெறுமனே ஓடவிட்டு, பக்கத்தில் நின்று கேட்பேன். அப்புறம் சுழல்கிற தண்டுகளைத் தாங்கும் ஒவ்வொரு பேரிங் மேலும் புறங்கையை வைத்துப் பார்ப்பேன். கை பொறுக்காத சூடு இருந்தால் அன்றைக்கு அங்கே வேலை இருக்கிறது என்று அர்த்தம். 16 வருடமாக இதுதான் வழக்கம்.

எங்களிடம் இருப்பது வயர் கட் மெஷின். மேலே ஹாப்பரில் மாவைப் போட்டால், வரிவரியாகப் பள்ளம் வெட்டிய இரண்டு ரோலர்கள் அதைக் கீழே அமுக்கித் தள்ளும். வரிசையாக இருக்கிற நாசில்கள், அதாவது சின்னக் குழாய் வாய்கள் வழியாக மாவு இறங்கும். அடியில் ஒரு ஃபிரேமில் இழுத்துக் கட்டிய மெல்லிய ஸ்டீல் கம்பி முன்னால் வந்து ஒரே வீச்சில் வெட்டும். திரும்பிப் போகும்போது அடுத்த வில்லையில் படாமல் கொஞ்சம் தாழ்ந்து போகும். வெட்டுப்பட்ட வில்லைகள் ட்ரேயில் வரிசையாக உட்காரும். மொத்த மெஷினிலும் விலை குறைந்த பாகம் அந்தக் கம்பிதான். என்னைத் தூங்கவிடாத பாகமும் அதுதான்.

மெயின்டனன்ஸ் என்றால் ஸ்பேனர் பிடிப்பது என்று நினைத்துத்தான் ஐ.டி.ஐ முடித்த கையோடு இங்கே வந்தேன். முதல் ஆறு மாதம் என் கையில் இருந்தது பிளாஸ்டிக் சுரண்டியும் பிரஷ்ஷும். பெரம்பூர் ரயில்பெட்டித் தொழிற்சாலையான ஐ.சி.எஃப்பில் ரிட்டயர் ஆகி வந்த ஒரு பெரியவர்தான் அப்போது எங்களுக்குத் தலைமை ஃபிட்டர். "மெஷினைத் தொடச்சாத்தாம்ப்பா எங்க இன்னா தேய்ஞ்சிருக்குன்னு கண்ணுல படும். தொடைக்கறவன்தான் மொதல்ல பாக்கறவன்" என்பார். அப்போது எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் மாவு பேரிங்குக்குள் போகாமல் தடுக்கிற ரோலர் சீல் கிழிந்ததை நான் முதன்முதலாகக் கண்டுபிடித்தது துடைக்கும்போதுதான்.

குக்கீ மாவில் சர்க்கரையும் கொழுப்பும் அதிகம். ராத்திரி அப்படியே விட்டால் காலையில் மூலைகளில் கல்லாகிக் கிடக்கும். அதற்காகத் தண்ணீர்க் குழாயைத் திருப்பி அடிப்பது பெரிய தப்பு. மைதாவில் தண்ணீர் பட்டால் போஸ்டர் ஒட்டுகிற பசைதான். முதலில் காய்ந்தபடியே சுரண்டி எடுக்க வேண்டும். கழற்ற முடிந்ததைக் கழற்றி வெந்நீரில் கழுவி, ஈரம் போகக் காயவைக்க வேண்டும். கழற்ற முடியாததை வெந்நீரில் பிழிந்த துணியால் துடைக்க வேண்டும், அவ்வளவுதான். ஓடிச் சூடான பேரிங் மேல் தண்ணீர் பட்டால் அது சட்டென்று குளிரும். உள்ளே இருக்கிற காற்று சுருங்கி, சீல் ஓரமாக நிற்கிற தண்ணீரை உள்ளே இழுத்துவிடும். மேலே பார்த்தால் பளிச்சென்று இருக்கும். கொஞ்ச நாளிலேயே பேரிங் கரகரவென்று கத்த ஆரம்பிக்கும்.

கம்ப்ரஸர் காற்றால் ஊதிச் சுத்தம் செய்கிறவர்களையும் பார்த்திருக்கிறேன். வேலை சீக்கிரம் முடியும், சரி. ஊதின மாவு எங்கே போகும்? பேரிங்குக்குள், மோட்டார் ஃபேனுக்குள், எலெக்ட்ரிக் பேனலுக்குள். அதைவிட மோசம், காற்றில் அடர்த்தியாகப் பரவின மாவுத்தூளுக்கு ஒரு தீப்பொறி கிடைத்தால் வெடிக்கும். பிரஷ்ஷும் வாக்குவம் கிளீனரும் போதும்.

கிரீஸ் விஷயத்தில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். மாவு போகிற பாதைக்குப் பக்கத்தில் ஹெச்1 என்று பதிவான ஃபுட் கிரேடு கிரீஸ் மட்டும்தான் போட வேண்டும். தற்செயலாக ஒரு துளி உணவில் பட்டாலும் கெடுதல் செய்யாத பொருள்களால் செய்தது அது. விலை கூடுதல் என்பதால் ஸ்டோரில் சாதாரண மஞ்சள் கிரீஸ் டின் வந்து உட்காரும். நான் திருப்பி அனுப்புவேன், சண்டை வரும். அளவும் முக்கியம். நிறையக் கிரீஸ் அடித்தால் பேரிங் நன்றாக இருக்கும் என்று புதிதாக வருகிற தம்பிகள் எல்லோருமே நினைக்கிறார்கள். அளவுக்கு மேல் போனால் சீல் பிதுங்கும், பேரிங் சூடாகும், பிதுங்கின கிரீஸ் மாவுக்கு மேலேயே தொங்கும். எங்கள் மெஷினுக்கு, கிரீஸ் ஏற்றுகிற ஒரு நிப்பிளுக்கு கிரீஸ் கன்னால் இரண்டு அமுக்கு, வெளியே வந்ததை உடனே துடை. பிஸ்கட் வேகிற ஓவனில் ஓடுகிற செயினுக்கோ கிரீஸே கூடாது. அந்தச் சூட்டில் கருகிக் கரியாகிவிடும். சூடு தாங்குகிற தனி எண்ணெய்தான் அதற்கு.

கடலோரம் என்பதால் எங்களுக்கு இன்னொரு தொல்லை உண்டு. உப்புக் காற்று பேனல் கதவு இடுக்கில் நுழைந்து டெர்மினல் திருகுகளைப் பச்சையாக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கேட்கவே வேண்டாம். பேனலுக்குள் ஈரத்தை உறிஞ்சுகிற சிலிக்கா ஜெல் பை தொங்கவிட்டு, நிறம் மாறினதும் மாற்றுகிறோம்.

இப்போது கம்பிக்கு வருகிறேன். பெரியவர் ஐ.சி.எஃப்பிலிருந்து கொண்டுவந்த பழக்கம் ஒன்று உண்டு. எண்ணி எடு, எண்ணி வை. நட்டு, வாஷர், ஆலன் கீ எல்லாவற்றுக்கும் அது பொருந்தும். கம்பிக்கு அவர் வைத்திருந்தது ஒரு மரச்சட்டம். புதுக் கம்பியை அந்தச் சட்ட நீளத்துக்குத்தான் வெட்ட வேண்டும். அறுந்த கம்பித் துண்டுகளை அதே சட்டத்தில் நுனிக்கு நுனி சேர்த்து வைத்துப் பார்க்க வேண்டும். நீளம் சரியாக இருந்தால்தான் மெஷின் ஓடலாம்.

அவர் போன பிறகு, தீபாவளிக்கு முந்தைய வாரம். முந்திரி குக்கீ ஓடிக்கொண்டிருந்தது. ராத்திரி 2 மணிக்குக் கம்பி அறுந்தது. முந்திரித் துண்டு நாசில் விளிம்பில் மாட்டினால் இப்படி நடக்கும், புதிதில்லை. மெயின் ஸ்விட்சை இறக்கி, பூட்டுப் போட்டு, சாவியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு துண்டுகளை எடுத்தேன். சட்டத்தில் வைத்தால் ஒரு சென்டிமீட்டர் குறைகிறது. திரும்பத் திரும்ப வைத்தேன். காணாமல் போன துண்டு நடுவில் இல்லை, திருகில் சுற்றிக் கட்டுகிற வால் நுனியில். அந்த நுனி போனாலும் கம்பி வெட்டிக்கொண்டேதான் இருக்கும். அதாவது, அந்தக் கம்பி மாட்டின ராத்திரி 10 மணியிலிருந்து எந்த ட்ரேயில் வேண்டுமானாலும் அது விழுந்திருக்கலாம்.

"மெட்டல் டிடெக்டர் இருக்குல்ல அண்ணே, அதுல மாட்டிக்கும்" என்றான் ஆபரேட்டர் தம்பி. நாங்கள் தினமும் டிடெக்டரைச் சோதிப்பது உலோக உருண்டை வைத்த துண்டுகளால். மெல்லிய கம்பி அப்படியில்லை. அது எந்தப் பக்கமாகப் படுத்துக்கொண்டு போகிறது என்பதைப் பொறுத்துத் தப்பிவிடும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்றால் பிடிப்பது இன்னும் கஷ்டம். எனக்கு அப்போது மூன்று வயதில் ஒரு பெண். பால் பிஸ்கட்டைப் பாலில் நனைத்து மென்றுகூடப் பார்க்காமல் விழுங்குவாள். "ட்ரே அடுக்கின நாலு ரேக்கையும் தனியா தள்ளு" என்றேன்.

ஓனருக்கு போன் போட்டுச் சொன்னேன். தீபாவளி ஆர்டர். அவர் குரலை உயர்த்தவில்லை, வைத்துவிட்டார். விடியும்வரை நாங்கள் ஐந்து பேர் குக்கீகளை ஒவ்வொன்றாக உடைத்து, விரலாலேயே நசுக்கிப் பார்த்தோம். விரல் நுனியெல்லாம் நெய் வாசம். கிடைக்கவில்லை. காலையில் ஃபிரேமை முழுசாகக் கழற்றி மேஜையில் போட்டேன். இடது பக்கத் திருகுக்குப் பின்னால் விரல் போகாத ஒரு மூலை. அங்கே பாக்கு அளவுக்கு மாவு காய்ந்து இறுகியிருந்தது. டார்ச் அடித்தபோது ஃபிரேமோடு ஃபிரேமாகத்தான் தெரிந்தது. சுரண்டியால் பெயர்த்து நசுக்கினேன். உள்ளே கம்பி நுனி, கொக்கி போல வளைந்து.

பேக்கிங் ஹாலில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த மாவுக் கட்டி ஒரே நாளில் சேர்ந்ததில்லை. பண்டிகை அவசரத்தில் பல நாளாக ஃபிரேமைக் கழற்றாமல் மேலோடு துடைத்திருக்கிறோம். சுத்தம் செய்ததாக செக் லிஸ்ட்டில் இருந்த கையெழுத்தெல்லாம் என்னுடையது. அந்த மூலை சுத்தமாக இருந்திருந்தால் நுனி எங்காவது விழுந்திருக்கும், ஒருவேளை பிஸ்கட்டிலேயே. அதை நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது. உடைத்த நாலு ரேக்கும் குப்பைக்குப் போனது. ஓனரிடம் இதை மறைக்காமல் சொன்னேன். இரண்டு நாள் கழித்து, வாரத்துக்கு ஒரு முறை முழு ஃபிரேமையும் கழற்ற அரை ஷிப்ட் நிறுத்த ஒத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு ஒரு நோட்டு போட்டோம். அறுகிற ஒவ்வொரு கம்பியையும் செல்லோ டேப்பால் பக்கத்தில் ஒட்டி, தேதி, நேரம், நீளம், எந்த மாவு என்று எழுத வேண்டும். மூன்றாவது நோட்டு ஓடுகிறது. முந்திரிக்கும் வேர்க்கடலைக்கும் கம்பி சீக்கிரம் போவது அந்தப் பக்கங்களைப் புரட்டினாலே தெரியும். அதனால் அந்த மாவு ஓடும் நாளில் ஷிப்ட் நடுவிலேயே கம்பி மாற்றுகிறோம்.

நேற்று அப்ரண்டிஸ் தம்பி ஒரு கம்பியை ஒட்டிக் கொண்டுவந்தான். மூன்று துண்டு. சட்டத்தில் வைத்துப் பார்த்தாயா என்று கேட்டேன். "ரெண்டு தபா வச்சுப் பாத்தேண்ணே, சரியா இருக்கு" என்றான். நோட்டை வாங்கி, சட்டத்தை எடுத்து, நானும் ஒரு தபா வைத்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.