எக்ஸெல்லுக்கு சீட் பெல்ட்

அப்பாவின் டிவிஎஸ் எக்ஸெல்லைக் கொடுத்துவிட்டுப் புதுசு எடுக்கலாம் என்று போன மாதம் கோபியில் ஒரு ஷோரூமுக்குப் போனோம். 2016-ல் வாங்கிய வண்டி. பால் கேன், தவிட்டு மூட்டை, வாழைத்தார், ஒருதடவை ரெண்டு ஆட்டுக்குட்டி, ஒருதடவை எங்க அம்மிச்சி என்று அது சுமக்காதது ஒன்றும் இல்லை. டயரை அமுக்கிப் பார்த்த பையன், நம்பரைப் போனில் தட்டிவிட்டு, "ரெண்டு சலான் நிக்குதுங்கண்ணா, கட்டுனாத்தான் பேர் மாத்த முடியுங்க" என்றான். அப்பா அவனை மேலும் கீழும் பார்த்தார். அவரை யாரும் எங்கேயும் நிறுத்தவில்லையாம், ரசீதும் கொடுக்கவில்லையாம், அப்புறம் எப்படி ஃபைன் என்று வீடு வந்து சேரும்வரை கேட்டுக்கொண்டே வந்தார்.

நிறுத்தாமலே போடுவதுதான் இப்போது வழக்கம். போட்டோ எடுத்து நம்பரை ஏற்றிவிட்டால் முடிந்தது, ஓட்டியது யாராக இருந்தாலும் ஆர்.சி.யில் யார் பேர் இருக்கிறதோ அவர் தலையில் விடியும். கேமராவில் பிடித்தால் 15 நாளுக்குள் தகவல் அனுப்ப வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2021-ல் 167ஏ என்ற விதியைச் சேர்த்தார்கள். அனுப்பியும் இருப்பார்கள். ஆனால் வண்டி வாங்கும்போது நாங்கள் கொடுத்த நம்பர் ஒரு பழைய சிம், அந்த சிம்மும் இப்போது இல்லை, அந்தக் கம்பெனியும் இல்லை.

ராத்திரி சாப்பிட்டுவிட்டு, வண்டி மேல் விழுந்த ஃபைனைப் பார்க்கிற அரசாங்கத் தளமான பரிவாகன் இ-சலானைத் திறந்தேன். சலான் நம்பர், வண்டி நம்பர், லைசென்ஸ் நம்பர், இந்த மூன்றில் எதை வைத்தும் தேடலாம். வண்டி நம்பர் போட்டால் சேசிஸ் நம்பரிலோ இன்ஜின் நம்பரிலோ கடைசி ஐந்து எழுத்தும் கேட்கும். கண்டவன் எல்லாம் அடுத்தவன் வண்டியைத் தோண்டிப் பார்க்கக் கூடாது என்பதற்காக இருக்கலாம், நல்லதுதான். எங்கள் ஆர்.சி. பீரோவில் காட்டுப் பத்திரத்தோடு இருந்தது. லேமினேஷன் மஞ்சள் பூத்து, சரியாக அந்தக் கடைசி ஐந்தில் ஒரு இடத்தில் மடிப்பு விழுந்திருந்தது. அது ஆறா எட்டா என்று நானும் அம்மாவும் சண்டை போட்டோம். ஆறு போட்டேன், தப்பு என்றது. எட்டு போட்டேன், அதற்கும் தப்பு என்றது. கடைசியில் வண்டியையே பார்த்துவிடலாம் என்று வாசலில் போன் டார்ச்சை அடித்து, மண்ணெண்ணெயில் பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷை நனைத்து, பத்து வருஷத்துப் பால் கறையும் கிரீஸும் சேறும் பிடித்திருந்த சேசிஸைத் தேய்த்தால் உள்ளிருந்து மெதுவாக எழுந்து வந்தது ஆங்கில எழுத்து பி.

சரியாகப் போட்டதும் ரெண்டும் வரிசையாக வந்து நின்றன. முதலாவது, ஹெல்மெட் இல்லை, 1,000 ரூபாய். போட்டோவைப் பெரிதாக்கினால் அப்பாவேதான். தலையில் உருமால், முன்னால் கதலித் தார் ரெண்டு. "இது ஏலத்துக்குப் போன அன்னைக்கு" என்று உடனே ஒத்துக்கொண்டார், அந்தத் தார் என்ன விலைக்குப் போனது என்பதையும் சொன்னார். "நூறு ரூவாதானடா இருந்துச்சு?" என்றார். 2022 அக்டோபரில் தமிழ்நாட்டில் கூட்டியபோதே நூறு ஆயிரமாகிவிட்டது, போன் பேசிக்கொண்டு ஓட்டினால் முதல் தடவை ஆயிரம், மறுபடி மாட்டினால் பத்தாயிரம் என்றேன். அதற்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை.

ரெண்டாவது, சீட் பெல்ட் போடவில்லை. அதுவும் 1,000.

"ஏன்டா, எக்ஸெல்லுல சீட்டு பெல்ட்ட எங்கடா கொண்டு போயி மாட்டறது?"

போட்டோவில் ஒரு வெள்ளைக் கார். அதன் நம்பருக்கும் எங்கள் நம்பருக்கும் ஒரே ஒரு இலக்கம்தான் வித்தியாசம், 3-க்குப் பதில் 8. தட்டியவர் கை தவறியிருக்கும், வெயிலில் நின்று வேலை பார்க்கிற ஆள், அதில் எனக்குப் பெரிய கோபம் இல்லை. எந்த ஊர் என்று சொல்லவும் போவதில்லை. ஆனால் போட்டோவைப் பார்க்காமல் மொத்தமாக ரெண்டாயிரத்தைக் கட்டியிருந்தால் யாரோ ஒருவர் காருக்கு நாங்கள் மொய் வைத்திருப்போம். பத்தில் எட்டுப் பேர் அப்படித்தான் கட்டிவிடுவார்கள் என்று நினைக்கிறேன், தொலையட்டும் என்று.

அதே தளத்தில் புகார் பகுதி இருக்கிறது. சலான் நம்பரோடு ஆர்.சி. நகலும், எக்ஸெல்லை முன்னும் பின்னும் எடுத்த படமும் ஏற்றினேன். ஹெல்மெட் பணத்தை அங்கேயே யூபிஐயில் கட்டினேன், கணக்கில் பணம் போய்விட்டது, சலான் மட்டும் கட்டாததாகவே நின்றது. பதறிப்போய் மறுபடி கட்டாதீர்கள். நிலுவைப் பரிவர்த்தனையைச் சரிபார்க்க அங்கேயே தனியாக ஒரு இடம் உண்டு, மறுநாள் காலையில் அதில் பார்த்தபோது ரசீதே வந்திருந்தது.

சங்ககிரியில் லாரி வைத்திருக்கும் பெரியப்பா மகன், "எதுக்குடா அவசரம், பெங்களூர்ல பாதி தள்ளுபடி விட்டாங்கல்ல, இங்கயும் விடுவாங்க" என்றான். கர்நாடகாவில் 2023 பிப்ரவரியில் பாதி கட்டினால் போதும் என்று விட்டது நிஜம்தான். அதை நம்பி இங்கே உட்கார்ந்திருந்தால் சலான் ஆன்லைனிலேயே நடக்கிற விர்ச்சுவல் கோர்ட்டுக்குப் போய்விடும், பேர் மாற்றமும் நடக்காது.

பெருந்துறையில் இருக்கும் மச்சானுக்கு நேர்ந்தது வேறு. சலான் வந்திருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் ஒரு ஏபிகே ஃபைல் (திறந்தால் போனில் ஆப்பாக ஏறிக்கொள்ளும்), வண்டி நம்பர்கூடச் சரியாக இருந்ததாம், திறந்தார், 18,000 போய்விட்டது. சலான் எந்தக் காலத்திலும் ஆப்பாக வராது. லிங்க் வந்தாலும் அதைத் தொடாமல் நீங்களாகவே தளத்தைத் திறந்து பாருங்கள், முகவரி 'கவ் டாட் இன்' (gov.in) என்று முடிகிறதா என்று கவனியுங்கள். வண்டிப் பதிவு விவரம் இருக்கிற வாகன் தளத்தில் இப்போதைய போன் நம்பரையும் ஏற்றிவிடுங்கள், நான் அதை அன்றைக்கு ராத்திரியே செய்தேன்.

சீட் பெல்ட் புகாருக்கு மூன்று வாரம் பதிலே இல்லை. அப்புறம் போன செவ்வாய்க்கிழமை திறந்து பார்த்தால் அந்த வரியே காணோம். அப்பா இதை டீக்கடையில் சொல்லியிருக்கிறார், எப்படிச் சொன்னாரோ தெரியவில்லை, நேற்றுச் சாயங்காலம் நாலு பேர் ஆர்.சி. புக்கோடு வந்து திண்ணையில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் கையில் மண்ணெண்ணெய் பாட்டிலும் இருந்தது.