ரீபூட் செய்தால் சரியாகிவிடும் என்று நினைத்தேன்

வீட்டில் இருக்கும் பழைய மேசைக் கணினியில் 2019இலிருந்து டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளம்தான் ஓடுகிறது. முதலில் போட்டது 10ஆம் பதிப்பு, பஸ்டர். அதன் மேலேயே 2021இல் 11, 2023இல் 12 என்று ஏற்றினேன், இரண்டு தடவையும் ஒரு முணுமுணுப்பும் இல்லை. அந்தத் தெம்புதான் என்னைக் கவிழ்த்தது. 2025 ஆகஸ்ட் 9 அன்று 13ஆம் பதிப்பு டிரிக்ஸி வெளியானது. சில வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை இரவு, மென்பொருள்களை எங்கிருந்து இறக்குவது என்று சொல்லும் சோர்ஸ் பட்டியலில், 12இன் பெயரான புக்வார்ம் என்று இருந்த இடத்திலெல்லாம் டிரிக்ஸி என்று மாற்றினேன், வெளியீட்டுக் குறிப்புகளைத் திறந்துகூடப் பார்க்காமல் அப்கிரேடை ஓடவிட்டேன்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடியது. ஏறக்குறைய கடைசியில், டெர்மினலில் ஓடிக்கொண்டிருந்த வரிகளுக்கு நடுவே ஒன்று கண்ணில் பட்டது: நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ். வன்தட்டில் பாதிக்கு மேல் காலியாக இருக்கிறதே என்று பார்த்தால், நிரம்பியது வன்தட்டு அல்ல, கணினி எழுந்திருக்கத் தேவையான கோப்புகளுக்காக அதில் தனியாகப் பிரித்த பூட் பார்டிஷன். மொத்தமே 236 எம்பி.

ஏன் தனியாக ஒரு பூட் பார்டிஷன்? 2019இல் நிறுவும்போது முழு வன்தட்டையும் என்க்ரிப்ட் செய்ய, அதாவது பாஸ்வேர்டு இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டச் சொல்லியிருந்தேன். அப்படிச் சொன்னால் நிறுவி என்ன செய்யும் என்றால், இயங்குதளத்தின் மையமான கெர்னலையும் அது எழுந்திருக்கத் தேவையான கோப்புகளையும் மட்டும் பூட்டாத ஒரு சின்னப் பகுதியில் வைத்துவிட்டு மற்றதையெல்லாம் பூட்டிவிடும். அன்றைக்கு 236 எம்பி தாராளம். இடைப்பட்ட ஆறு வருடத்தில் கெர்னலும் வீங்கியது, அதோடு வரும், வன்பொருள்களுக்கான ஃபர்ம்வேரும் வீங்கியது. என்னிடம் 6.1 கெர்னல் இரண்டு இருந்தன, அவை எழுந்திருக்கத் துணையாக இருக்கும் இனிட்ஆர்டி கோப்புகள் தலா 65 எம்பி போல. இப்போது 6.12 வந்து எனக்கும் இடம் கொடு என்கிறது. போதாக்குறைக்கு இனிட்ஆர்டி கோப்பைப் புதுப்பிக்கும்போது பழையதை அழித்துவிட்டுப் புதியதை எழுதுவதில்லை, பக்கத்திலேயே முழுதாக எழுதி முடித்த பிறகுதான் பெயரை மாற்றும். நல்ல ஏற்பாடுதான், ஆனால் அதற்குக் கொஞ்ச நேரமாவது இரட்டை இடம் வேண்டும்.

இதெல்லாம் வெளியீட்டுக் குறிப்புகளிலேயே இருக்கிறது என்பது பிறகு தெரிந்தது. பூட் பார்டிஷன் குறைந்தது 768 எம்பி இருக்கட்டும், அதில் 300 எம்பி போலக் காலியாக இருக்கட்டும், 10ஆம் பதிப்பிலோ அதற்கு முன்போ நிறுவியிருந்தால் நீங்கள் மாட்டிக்கொள்ள வாய்ப்பு மிக அதிகம் என்று கிட்டத்தட்ட என்னைப் பெயர் சொல்லி அழைத்திருக்கிறார்கள்.

சரி, அதுவரைகூட ஒன்றும் குடிமுழுகவில்லை. ஓடிக்கொண்டிருக்கும் கணினியில் உட்கார்ந்திருக்கிறேன், பழைய கெர்னல் ஒன்றை முறையாக நீக்கிவிட்டு, பாதியில் நின்ற பேக்கேஜ்களை, அதாவது மென்பொருள் பொதிகளைத் தொடரச் சொல்லியிருந்தால் பத்து நிமிட வேலை. தூக்கக் கலக்கத்தில் நான் செய்தது வேறு. பூட் பார்டிஷனில் பெரிய கோப்புகள் எவை என்று பார்த்தேன், இனிட்ஆர்டி என்று தொடங்கும் இரண்டு கிடைத்தன, பழைய கெர்னலுடையதுதானே என்று இரண்டையும் கையாலேயே அழித்தேன். இடம் வந்துவிட்டது, ரீபூட் செய்தால் மிச்சத்தை அதுவே முடித்துக்கொள்ளும் என்று ரீபூட் கொடுத்தேன். எந்த நம்பிக்கையில் அப்படி நினைத்தேன் என்று இன்றுவரை புரியவில்லை.

கெர்னல் பேனிக், அதாவது கெர்னல் மேற்கொண்டு போக முடியாமல் நின்றுவிட்டது. விஎஃப்எஸ், அன்னேபிள் டு மௌண்ட் ரூட் எஃப்எஸ் ஆன் அன்னோன்-பிளாக், அதன் பின்னால் அடைப்புக்குறிக்குள் இரண்டு சுழியம். பார்க்கப் பயமாக இருந்தாலும் இது சொல்வது எளிமையான விஷயம். கெர்னல் எழுந்துவிட்டது, ஆனால் இயங்குதளத்தின் மற்ற கோப்புகள் இருக்கும் ரூட் பார்டிஷன் எங்கே என்று அதற்குத் தெரியவில்லை. வன்தட்டைத் திறக்கும் கருவிகள் வன்தட்டுக்குள்ளேதான் இருக்கின்றன, சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய மாதிரி. அதனால் அந்தக் கருவிகளில் ஒரு பிரதியை மூட்டையாகக் கட்டி வெளியே வைத்திருப்பார்கள். அந்த மூட்டைதான் இனிட்ஆர்டி. புதிய கெர்னலின் மூட்டை இடமில்லாமல் எழுதப்படவே இல்லை. எந்தக் கெர்னலில் எழ வேண்டும் என்று கேட்கும் கிரப் மெனுவில் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்தால் தப்பித்திருக்கலாம், அதன் மூட்டையை நானே அழித்திருந்தேன்.

வன்தட்டை நம்பாமல் தன்னிலிருந்தே கணினியை எழுப்பும் லைவ் யூஎஸ்பி தேவை. அதை உருவாக்க இன்னொரு கணினி தேவை. மகளின் லேப்டாப்பைப் பத்து நிமிஷம் என்று சொல்லி வாங்கினேன், அடுத்த நாள் மாலைதான் திருப்பிக் கொடுத்தேன், அது தனிக் கதை.

லைவ் யூஎஸ்பியில் எழுந்ததும் உருப்படியாகச் செய்த ஒரே காரியம், எதையும் தொடுவதற்கு முன்னால் ஹோம் அடைவு முழுவதையும் வெளி வன்தட்டுக்கு நகலெடுத்தது. கோப்பு மேலாளரில் பூட்டிய பார்டிஷனைச் சொடுக்கினால் பாஸ்வேர்டு கேட்டது, கொடுத்ததும் திறந்துவிட்டது, புகைப்படங்கள் எல்லாம் பத்திரம். நகலெடுத்து முடிக்கும்போது விடிந்துவிட்டது. அதற்கப்புறம் கை நடுக்கம் நின்றது.

அடுத்து சிரூட். பழுதான கணினியின் ரூட் பார்டிஷனை லைவ் அமைப்புக்குள் ஓரிடத்தில் மௌண்ட் செய்து, அதாவது பொருத்தி, டெவ், ப்ராக், சிஸ், ரன் ஆகிய நான்கு சிஸ்டம் அடைவுகளையும் அதோடு இணைத்து, உள்ளே நுழைந்துவிட்டால் அந்தக் கணினியிலேயே உட்கார்ந்திருப்பது போல வேலை செய்யலாம். உள்ளே போய் 6.12 கெர்னலுக்கு இனிட்ஆர்டியை உருவாக்கச் சொன்னேன். பிழை எதுவும் வரவில்லை. பட்டியலிட்டுப் பார்த்தால் கோப்பு இருக்கிறது, சுமார் 80 எம்பி. ரீபூட். அதே பேனிக், ஒரு எழுத்துகூட மாறவில்லை.

அரை மணி நேரம் திரையை முறைத்த பிறகு உறைத்தது. ரூட் பார்டிஷனை மட்டும்தான் மௌண்ட் செய்திருக்கிறேன், பூட் பார்டிஷனைச் செய்யவில்லை. பூட் பார்டிஷன் வந்து அமர வேண்டிய இடத்தில், ரூட் பார்டிஷனுக்குள் பூட் என்ற பெயரில் ஒரு வெறும் அடைவு இருக்கும். கோப்பு அங்கே போய் உட்கார்ந்திருக்கிறது. அங்கே ஏராளமாக இடம் இருந்ததால்தான் பிழையே வரவில்லை. முந்தின இரவு முழுக்க இடமில்லை என்று கதறிய இடத்தில் திடீரென்று 80 எம்பி எப்படி நோகாமல் ஏறியது என்று நான் அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

இரண்டாவது முயற்சியில் பூட் பார்டிஷனையும் மறக்காமல் மௌண்ட் செய்தேன். இனிட்ஆர்டி உருவானது, கிரப்பையும் புதுப்பித்தேன். இடையில் கிரிப்ட்செட்டப் என்று தொடங்கும் ஓர் எச்சரிக்கை வரி வந்தது, ஏதோ ஒரு நீளமான பெயர், பூட்டிய பார்டிஷன்களின் பட்டியலான கிரிப்ட்டேப் கோப்பில் இல்லை என்றது. எச்சரிக்கைதானே, பிழை இல்லையே என்று தாண்டிப் போனேன்.

இந்த முறை பேனிக் இல்லை. கெர்னல் எழுந்தது. ஆனால் பாஸ்வேர்டு கேட்கவே இல்லை. கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, ரூட்டுக்காகக் காத்திருந்து அலுத்துவிட்டது என்ற பொருளில் ஏதோ சொல்லி, கட்டளைகள் அடிக்கும் பிஸிபாக்ஸ் என்ற சின்ன ஷெல்லில் தள்ளிவிட்டது. அங்கிருந்தே கையால் பூட்டைத் திறக்கலாமா என்று பார்த்தேன், கிரிப்ட்செட்டப் என்று அடித்தால் அப்படி ஒரு கட்டளையே இல்லை என்றது. மூட்டை இருக்கிறது, ஆனால் பூட்டைத் திறக்கும் கருவியை மட்டும் உள்ளே வைக்காமல் கட்டியிருக்கிறது!

காரணம் அந்த எச்சரிக்கை வரிதான். என்க்ரிப்ட் செய்த பார்டிஷனைத் திறக்கும்போது அதற்கு ஒரு பெயர் வைக்க வேண்டும். கோப்பு மேலாளரில் சொடுக்கித் திறந்தால், லக்ஸ் என்று தொடங்கி நீளமான அடையாள எண்ணோடு முடியும் ஒரு பெயரை அதுவே வைத்துக்கொள்ளும். என் கணினியின் கிரிப்ட்டேப் கோப்பிலோ பெயர் எஸ்டிஏ5_கிரிப்ட். மூட்டை கட்டும் நிரல், ரூட் இப்போது எந்தப் பெயரில் திறந்திருக்கிறது என்று பார்க்கிறது, அந்தப் பெயரைக் கிரிப்ட்டேப்பில் தேடுகிறது, கிடைக்கவில்லை என்றால் இதற்கும் பூட்டுக்கும் சம்பந்தமில்லை போல என்று விட்டுவிடுகிறது. முகவரி பார்க்கும் தபால்காரர் மாதிரி, வீடு அதேதான், பெயர்ப்பலகை வேறு.

மூன்றாவது முறை எல்லாவற்றையும் கழற்றி, பார்டிஷனை மூடி, டெர்மினலிலிருந்தே எஸ்டிஏ5_கிரிப்ட் என்ற பெயர் கொடுத்துத் திறந்தேன். இதிலும் ஒரு சின்னத் தயக்கம் இருந்தது. லைவ் யூஎஸ்பி தன்னை எஸ்டிஏ என்று பதிந்துகொண்டதால் என் வன்தட்டு அப்போது எஸ்டிபி ஆகியிருந்தது. பார்டிஷன் எஸ்டிபி5, அதற்குப் பெயர் மட்டும் எஸ்டிஏ5 என்றால் தப்பாகப் போய்விடுமோ என்று ஒரு நிமிடம் யோசித்தேன். போகாது. அது வெறும் பெயர், கிரிப்ட்டேப்பில் இருப்பதோடு பொருந்தினால் போதும். பிறகு பூட்டிய பகுதிக்குள் ரூட்டைப் பிரித்து வைத்திருக்கும் எல்விஎம்மை எழுப்பி, ரூட், அதன்மேல் பூட், அந்த நான்கு இணைப்புகள், இணையம் கிடைக்க ரிசால்வ் கோப்பின் நகல். உள்ளே போய், பழைய 6.1 கெர்னல்களில் ஒன்றைப் பேக்கேஜ் மேலாளரான ஏப்ட் வழியாக முறையாக நீக்கினேன். பேக்கேஜ்களை நிறுவும் டிபிகேஜியிடம் பாதியில் நின்ற எல்லாவற்றையும் முடிக்கச் சொன்னேன். நாற்பது சொச்சம் பேக்கேஜ்கள் வரிசையாக அமைந்தன. மிச்சமிருந்த அப்கிரேடும் ஓடி முடிந்தது.

இந்த முறை யாரையும் நம்பத் தயாராக இல்லை. எல்எஸ்இனிட்ராம்எஃப்எஸ் என்று ஒரு கட்டளை இருக்கிறது, மூட்டையை அவிழ்க்காமலே உள்ளே என்னென்ன இருக்கிறது என்று காட்டும். அதில் கிரிப்ட்செட்டப் இருக்கிறதா என்று தேடினேன். இருந்தது. இரண்டு தடவை தேடினேன். அப்புறம்தான் ரீபூட். பாஸ்வேர்டு கேட்டு நின்ற கறுப்புத் திரையைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்பட்டது இதுதான் முதல் தடவை.

பார்டிஷன் என்னவோ இன்னும் அதே 236 எம்பிதான். அதைப் பெரிதாக்கலாம் என்றால் என்க்ரிப்ட் செய்த பகுதி அதற்கு அடுத்தே உட்கார்ந்திருக்கிறது, முழுதாக நகர்த்த வேண்டும், அதற்குப் பதில் பேக்கப்பை வைத்துக்கொண்டு புதிதாக நிறுவுவதே மேல். அதுவரைக்கும் ஒரு ஒட்டு போட்டிருக்கிறேன். மூட்டையை எப்படிக் கட்டுவது என்று சொல்லும் இனிட்ராம்எஃப்எஸ் அமைப்புக் கோப்பில் மாட்யூல்ஸ் என்ற வரியில் மோஸ்ட் என்று இருந்ததை டெப் என்று மாற்றினேன். இந்தக் கணினிக்குத் தேவையான டிரைவர்களை மட்டும் மூட்டையில் வைக்கும், அளவு பாதிக்கும் கீழே இறங்கியது. வன்தட்டைக் கழற்றி வேறு கணினியில் மாட்டினால் எழுந்திருக்காமல் போகலாம், அந்த எண்ணம் எனக்கு இல்லை.

முதல் முயற்சியில் தவறான இடத்தில் எழுதிய அந்த 80 எம்பி கோப்பு இன்னும் அங்கேயே கிடக்கிறது. பூட் பார்டிஷன் அதன் மேல் வந்து அமர்ந்துவிடுவதால் பட்டியலில் தெரியாது. பார்டிஷனைக் கழற்றிவிட்டு அழிக்க ஒரு நிமிடம் போதும். பூட்டில் கிடக்கும் இனிட்ஆர்டி எதையும் கையால் அழிக்க எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.