1,499 ரூபாய்க்கு ஒரு மழை

எங்க வீட்டுச் சின்னவன் மறுபடியும் ஒரு கம்ப்யூட்டர் கேம் வாங்கிட்டான். "மறுபடியுமா?"ன்னு கேக்குறவங்க, போன தீபாவளிக்கு வாங்கின ஸ்டியரிங் வீல் இப்ப எங்க இருக்குன்னு அம்மாகிட்ட விசாரிச்சுக்கங்க. பரண்ல, இட்லிக் கொப்பரைக்குப் பின்னாடி.

இந்தத் தடவை துப்பறியிற கேம். மலையோரத்துல ஒரு ஊரு, நாள் முழுக்க மழை, ஒரு கொலை. 2,999 ரூபாய் கேம் தள்ளுபடியில 1,499-க்கு வந்துச்சாம். "ஆயிரத்து ஐநூறு மிச்சம்ப்பா"ன்னான். மிச்சம் பண்ணின ஆயிரத்து ஐநூற எங்க வச்சிருக்கன்னு அப்பா கைய நீட்டினாரு. அதுக்கு இன்னும் பதில் வரல.

எந்தக் கேம், எந்தக் கடைன்னு சொல்லப் போறதில்ல. கேம் மேல தப்பில்ல, கடை மேலயும் தப்பில்ல. தப்பெல்லாம் மெஷின் மேலயும் மெஷினுக்கு முன்னாடி உக்காந்திருக்கிறவன் மேலயும்.

மெஷின் கதை இதுதான். படத்த வரையிறதுக்கு 4 ஜிபி 1650 கிராஃபிக்ஸ் கார்டு, ஓடுற வேலைய வச்சுக்க 8 ஜிபி ராம், 240 ஜிபி எஸ்எஸ்டிங்கிற வேகமான டிஸ்க். அந்த எஸ்எஸ்டில பாதிய அத்தை மக கல்யாண வீடியோ பிடிச்சிருக்கு, அதத் தொட வீட்டுல எவனுக்கும் தைரியம் கிடையாது. அதனால 110 ஜிபி கேம பழைய ஹார்ட் டிஸ்க்ல இறக்கிட்டான். கடைப் பக்கத்துலயே தெளிவாப் போட்டிருக்கு, 16 ஜிபி ராம், எஸ்எஸ்டி அவசியம்னு. இந்த "அவசியம்"கிறத நம்ம ஆளுங்க "தலைக்கவசம் அவசியம்" மாதிரியே படிக்கிறாங்க.

அது சும்மா எழுதுற வார்த்தை இல்லங்க. இப்ப வர்ற பெரிய கேம்கள் ஊர மொத்தமா ராம்ல ஏத்தி வைக்கிறதில்ல. நீங்க நடக்க நடக்க, முன்னாடி இருக்கிற தெருவத் துண்டு துண்டா டிஸ்க்ல இருந்து இழுக்கும். நேர்கோட்டுல ஒரு பெரிய ஃபைலப் படிக்கச் சொன்னா ஹார்ட் டிஸ்க் நொடிக்கு நூறு எம்பிக்கு மேல தரும். ஆயிரம் சின்னத் துண்டு ஆயிரம் இடத்துல கிடந்தா, அந்த ஊசி அங்கயும் இங்கயும் ஓடியே களைச்சுப் போயிரும். பலன், துப்பறிவாளர் போய்ச் சேர்ந்துட்டாரு, தெரு இன்னும் வரல. 8 ஜிபி ராம்ல விண்டோஸும் பிரவுசரும் போக மிச்சம் பத்தாதப்ப, தூக்கிப் போட்ட துண்டையே மறுபடி மறுபடி அதே ஹார்ட் டிஸ்க்ல இருந்துதான் இழுக்கும். ஒரே மாட்டுல உழவும் வண்டியும்.

"மினிமம்"னு போட்டிருந்தா கேம் திறக்கும்னு அர்த்தம், நல்லா ஓடும்னு அர்த்தமில்ல. பல கேம்ல மினிமம்கிறது படத்தரத்த அடிமட்டத்துக்கு இறக்கி நொடிக்கு 30 ஃப்ரேம், அதாவது 30 படம், வாங்குற கணக்குதான். சிலதுல திறக்கவே திறக்காது. 2024 டிசம்பர்ல வந்த இண்டியானா ஜோன்ஸ் கேமும், 2025-ல வந்த 'டூம்: த டார்க் ஏஜஸ்'ம் ரே ட்ரேசிங் வேலைய (ஒளி போற பாதையக் கணக்குப் போட்டு வரையிறத) கார்டே தன் வன்பொருள்ல செய்யணும்னு கேக்குது. 1650-ல அந்தச் சாமானே கிடையாது. செட்டிங்ஸ்ல எவ்வளவு கீழ இறங்கினாலும் இல்லாதது இல்லாததுதான். வாங்குறதுக்கு முன்னாடி யூடியூப்ல கேம் பேரையும் உங்க கார்டு பேரையும் சேர்த்துப் போட்டுத் தேடுங்க. எவனாவது ஒரு புண்ணியவான் உங்களுக்கு முன்னாடியே ஓட்டி, சிரமப்பட்டு, அந்தச் சிரமத்த வீடியோ எடுத்துப் போட்டிருப்பான்.

சரி, வாங்கினது வாங்கியாச்சு. திருப்பிக் குடுக்கலாமே? குடுக்கலாம். ஸ்டீம்ங்கிற ஆன்லைன் கேம் கடையில 2015 ஜூன்ல இருந்தே விதி இதுதான்: வாங்கி 14 நாளுக்குள்ள, விளையாடினது 2 மணி நேரத்துக்குக் கீழ. காரணம் எதுவா இருந்தாலும் சரி, "பிடிக்கல"ன்னாலும் போதும். எபிக்லயும் பெரும்பாலான கேமுக்கு இதே 14 நாள், 2 மணி. ஜிஓஜில 30 நாள். பிளேஸ்டேஷன் கடையில 14 நாள்தான், ஆனா இறக்க ஆரம்பிச்சுட்டாலே பேச்சு முடிஞ்சுபோச்சு, கேம்ல கோளாறு இருந்தா ஒழிய. ஸ்டீம்ல ஹெல்ப், பர்ச்சேசஸ்னு போய், கேமத் தொட்டு, ரீஃபண்ட் வேணும்னு சொல்லி, பணம் வேலட்டுக்கா வந்த வழிக்கான்னு சொன்னா முடிஞ்சது. போன்லயே பண்ணலாம். முழு விலைக்கு வாங்கின மறுவாரமே தள்ளுபடி விழுந்தா, திருப்பிக் குடுத்துட்டுக் குறைஞ்ச விலைக்கு மறுபடி வாங்கிக்கலாம், அது தப்பாட்டம் இல்லன்னு அவங்களே எழுதி வச்சிருக்காங்க. நம்ம பாத்திரக்கடை அண்ணாச்சிகிட்ட இதச் சொல்லிப் பாருங்க.

அந்த விதி வந்த அதே ஜூன்லயே 'பேட்மேன்: ஆர்க்கம் நைட்' கம்ப்யூட்டருக்கு வந்து திக்கித் திணற, ஜனங்க வரிசையில நின்னு திருப்பிக் குடுத்தாங்க. ஒரே நாள்ல விற்பனையையே நிறுத்தி வச்சாங்க. அதுக்கு முந்தின காலத்து ஆளுங்க பாடுதான் பாவம். 2013-ல 'ஏலியன்ஸ்: கொலோனியல் மரீன்ஸ்'னு ஒண்ணு வந்துச்சு. 'ஏலியன்' சினிமாவுல பாத்தா குலை நடுங்குற ஜந்து, கேம்ல ரேஷன் கடை வரிசையில நிக்கிற மாதிரி நிக்கும், சுடுங்கன்னு காட்டிட்டு நிக்கும். வாங்கினவன் தலையில அடிச்சுக்கிட்டு அஞ்சு வருசம் போச்சு. 2018-ல செய்தி வருது: செட்டிங்ஸ் ஃபைல்ல ஒரு எழுத்துப் பிழை. 'டெதர்'ங்கிற வார்த்தையில ஒரு 'ஏ' கூடுதலா விழுந்திருக்கு. அந்த ஜந்துவுக்கு எந்த இடத்தப் பிடிக்கணும், எப்படிச் சுத்தி வளைக்கணும்னு வழி சொல்ல வேண்டிய வரி அது. பேரு தப்பா இருந்ததால கேம் அந்த வரியக் கண்டுக்கவே இல்ல. நோட்பேட்ல திறந்து அந்த ஒரு எழுத்த அழிச்சா, ஜந்து உருப்படியா வேட்டையாடுது. ஒத்தக் கொம்பு போட வேண்டிய இடத்துல ரெட்டக் கொம்பு போட்டதுக்கெல்லாம் தமிழ் வாத்தியார் ஏன் பிரம்ப எடுத்தாருன்னு இப்பப் புரியுது.

நம்மாளு கதைக்கு வருவோம். ரெண்டு மணி நேரத்த இவன் செலவழிச்ச கணக்கு, ரூபாய் பைசா சுத்தமா:

முதல் 25 நிமிஷம் கேம் ஷேடர் தயார் பண்ணுச்சு. ஒளி, நிழல், ஈரம், பளபளப்பு எல்லாத்துக்கும் தனித்தனிக் குட்டி நிரல் உண்டு, அத ஒவ்வொரு கார்டுக்கும் அந்தக் கார்ட இயக்குற டிரைவர்ங்கிற மென்பொருள் ஒவ்வொண்ணுக்கும் தனியாச் சமைக்கணும். பிளேஸ்டேஷன்ல எல்லா வீட்டுலயும் ஒரே அடுப்பு, அதனால சமைச்சே அனுப்பிருவாங்க. கம்ப்யூட்டர்ல வீட்டுக்கு வீடு அடுப்பு வேற. காத்திருக்காமத் தவிர்த்தா விளையாடுறப்ப திக்கித் திக்கி நிக்கும். டிரைவர அப்டேட் பண்ணினா பெரும்பாலும் மறுபடி முதல்ல இருந்து. இதெல்லாம் விளையாட்டு நேரமான்னா, ஆமா. கேம் திறந்திருந்தா கடிகாரம் ஓடும், அவ்வளவுதான் அதுக்குத் தெரியும்.

அடுத்த 40 நிமிஷம் துப்பறிவாளருக்கு மூக்கு வச்சான். 40 நிமிஷம். பிரம்மா கூட நம்ம குடும்பத்து மூக்குக்கு இவ்வளவு நேரம் எடுத்திருக்க மாட்டாரு. கடைசில அந்த ஆளு நாள் முழுக்கத் தொப்பி போட்டுக்கிட்டு முதுகக் காட்டிக்கிட்டுத்தான் நடக்குறாரு.

15 நிமிஷம் செட்டிங்ஸ நோண்டினான். 20 நிமிஷம் கேம அப்படியே நிறுத்தி வச்சுட்டு அம்மா சொன்ன கொத்தமல்லிக்கட்டு வாங்கப் போனான், வரும்போது புதினா வாங்கிட்டு வந்தான். அதுவும் கணக்குல ஏறும், நிறுத்தி வச்சாலும் கேம் திறந்துதான இருக்கு. மிச்சம் 12 நிமிஷம்தான் விளையாட்டு. அதுல துப்பறிவாளர் இன்னும் போட்டு முடிக்காத தெருவுக்குள்ள இடுப்பு வரைக்கும் இறங்கி நின்னுட்டாரு.

ஆகமொத்தம் 1 மணி 52 நிமிஷம். இன்னும் 8 நிமிஷம் கையில இருக்கு. புத்திசாலித்தனமா முடிவெடுத்துட்டான், திருப்பிக் குடுத்துரலாம்னு. கேமுக்குள்ள இருந்து வெளிய வர்றான். வந்தது டெஸ்க்டாப்புக்கு இல்ல, கேமோட முகப்புத் திரைக்கு.

அந்த முகப்புல என்னன்னா, ஒரு டீக்கடை. தகரக் கூரைல மழை கொட்டுது. ஒரு மஞ்ச லைட்டு. பெஞ்சுக்குக் கீழ ஒரு நாய் சுருண்டு படுத்திருக்கு. அஞ்சாறு நிமிஷத்துக்கு ஒருக்கா எந்திரிச்சு ஒரு சுத்து சுத்திட்டு மறுபடி படுக்கும். அவ்வளவுதான்.

கட்டில்ல இருந்து அப்பத்தா சத்தம். "டேய், அத அமத்தாத. மழ பேஞ்சுக்கிட்டு கெடக்கட்டும்."

மதுரை, மே மாசம், ராத்திரி ஒம்பதரை மணி. ஃபேன் காத்தே அடுப்படி காத்து மாதிரி வருது. அந்த நேரத்துல அப்பத்தாகிட்ட ரீஃபண்ட் விதிய விளக்குறவன் எவன்? தூங்கினதும் அமத்திக்கலாம்னு உக்காந்தான். பத்து மணிக்குக் குறட்டை கேட்டுச்சு. மவுஸத் தொட்டு சத்தத்தக் குறைச்சான். குறட்டை நின்னுபோச்சு. "மழ விட்டுருச்சாடா?" மறுபடி ஏத்தினான். பத்தரைக்கு இவனே தூங்கிட்டான்.

காலையில ஆறரைக்கு அம்மா வந்து பாக்குறாங்க, டீக்கடையில இன்னும் மழை. விளையாட்டு நேரம் 10 மணி 52 நிமிஷம். ஆசைக்கு ஒரு மனு போட்டான். "அப்பத்தா தூங்கிட்டாங்க"ன்னு இங்கிலீஷ்ல காரணம் எழுதினதாக் கேள்வி. இல்லன்னு பதில் வந்துருச்சு. 1 மணி 52-லயே கேம மூடிட்டு, போன எடுத்து மனுவத் தட்டியிருந்தா முடிஞ்சிருக்கும். அந்த நேரத்துல போன்ல என்ன பண்ணிட்டிருந்தான்னா, அடுத்த தள்ளுபடி என்னிக்குன்னு பாத்துட்டிருந்தான்.

அதுக்கப்புறம்தான் வீட்டுல பஞ்சாயத்து. ராத்திரி பூரா கார்டு விசிறி கத்தியிருக்கு. முகப்புத் திரைன்னா சும்மா கிடக்கும்னு நெனைக்காதீங்க. அங்க படம் லேசா இருக்கிறதால, கடிவாளம் போடலன்னா கார்டு நொடிக்கு நூத்துக்கணக்கான ஃப்ரேம் போட்டுத் தள்ளும். 2021 ஜூலைல 'நியூ வேர்ல்ட்' கேமோட சோதனை ஓட்டத்துல இப்படித்தான் சில 3090 கார்டுகள் செத்தே போச்சு. சால்டரிங் சரியில்லாத கார்டுன்னு தயாரிச்ச இவிஜிஏ ஒத்துக்கிச்சு, கேம்காரங்களும் மெனுவுக்கு ஃப்ரேம் வரம்பு வச்சாங்க. நம்ம 1650 அதிகபட்சமே 75 வாட்தான், ஒம்பது மணி நேரத்துக்கு முக்கால் யூனிட் கூட வராது. அம்மா அதெல்லாம் கேக்கல, கரண்டு பில்லு ஸ்லாப்பு மாறிரும்னு ஒரே பேச்சு. என்விடியா கன்ட்ரோல் பேனல், மேனேஜ் 3டி செட்டிங்ஸ், புரோகிராம் செட்டிங்ஸ்ல அந்தக் கேம எடுத்து, மேக்ஸ் ஃப்ரேம் ரேட்ட 30-ல வைங்க. விசிறி அடங்கிரும். மழைக்கு 30 ஃப்ரேம் தாராளம், நாய்க்கு அதுவே அதிகம்.

மழைச் சத்தம்தான வேணும், யூடியூப்ல பத்து மணி நேர மழை கிடைக்குமேன்னு சித்தப்பா போட்டுக் காட்டினாரு. நாலாவது நிமிஷத்துல மழைக்கு நடுவுல ஒருத்தன் வந்து வீட்டுக் கடன் வேணுமான்னு கத்தினான். அதோட அந்த யோசனை செத்துச்சு. தவிர, அதுல நாய் இல்ல.

இப்பப் புதுச் சிக்கல். போனது போச்சு, விளையாடியாவது தீர்ப்போம்னு சின்னவன் ராம் வாங்கவெல்லாம் விலை விசாரிச்சான். ஆனா இந்தக் கேம்ல கதை நகர நகர முகப்புத் திரை மாறும். 2004-ல வந்த 'ஹாஃப்-லைஃப் 2'லயே அத்தியாயத்துக்கு ஒரு முகப்பு உண்டு, புதுசு ஒண்ணுமில்ல. முதல் அத்தியாயம் முடிஞ்சா டீக்கடை போயி போலீஸ் ஸ்டேஷன் வந்துருமாம். அப்பத்தா ராத்திரி முழுக்கப் போலீஸ் ஸ்டேஷனப் பாத்துக்கிட்டுப் படுக்கிறதா?

இந்த நிலைமை உங்க வீட்டுலயும் வந்தா வழி இருக்கு. சேவ் ஃபைல், அதாவது எதுவரைக்கும் விளையாடினோம்ங்கிற பதிவு, பெரும்பாலும் டாகுமெண்ட்ஸ்லயோ ஆப்டேட்டாவுலயோ கேம் பேருல ஒரு ஃபோல்டருக்குள்ள இருக்கும். அந்த ஃபோல்டர அப்படியே எடுத்துத் தனியா ஒரு நகல் வைங்க. முக்கியமானது, முதல்ல கிளவுட் சேமிப்ப (கடையோட சர்வர்ல தானா நகல் வைக்கிறத) அணைங்க. இல்லன்னா நீங்க பழசத் திரும்ப வச்சதும் மேகத்துல இருந்து புதுசு இறங்கி மூடிரும். பகல்ல ஒரு சேவ், ராத்திரிக்கு ஒரு சேவ். சின்னவன் இத ரெண்டு நாள் செஞ்சான். மூணாம் நாள் மாத்த மறந்து, அப்பத்தா போலீஸ் ஸ்டேஷனப் பாத்துட்டாங்க. அன்னிக்கு ராத்திரி வீட்டுல யாரும் தூங்கல. இப்ப அவனுக்கு அந்தக் கேம விளையாடத் தடை.

ஆக, 110 ஜிபிய அழிக்கவும் முடியாது, விளையாடவும் முடியாது. நேத்துப் படுக்கப் போறப்ப, சாப்பிட்ட கையோட அப்பத்தா கட்டில்ல உக்காந்து திரையவே பாத்துக்கிட்டிருந்தாங்க. நாய் எந்திரிச்சு ஒரு சுத்து சுத்திட்டுப் படுத்துச்சு.

"இத்தன நாளாப் பாக்குறேன். அதுக்கு ஒரு வாய் சோறு வைக்க ஆளில்ல. என்னத்தடா விளையாடுறீங்க நீங்கெல்லாம்?"