மெல்போர்ன்காரர் மாத்திரையும் என் பாராபிளானர் வேலையும்

பாராபிளானர்னா என்ன வேலைன்னு எங்க வீட்ல இன்னும் யாருக்கும் சரியா தெரியாது. அப்பா கேக்குறவங்ககிட்ட எல்லாம் "எல்ஐசி மாதிரிதான், ஆனா ஆஸ்திரேலியாக்காரய்ங்களுக்கு"ன்னு சொல்லி முடிச்சிருவாரு, நானும் திருத்தி அலுத்து விட்டுட்டேன்.

அங்க பணத்த எப்படி போடுறதுன்னு ஆலோசனை சொல்ற அட்வைஸர் கிளையண்ட்கிட்ட உக்காந்து பேசுவாரு. அந்த மீட்டிங் நோட்ஸ வச்சு ஃபண்ட் எல்லாம் அலசி, கணக்கு போட்டு, ஸ்டேட்மென்ட் ஆஃப் அட்வைஸ்னு ஒரு தடி டாக்குமென்ட் எழுதுறது நாங்க, சுருக்கமா எஸ்ஓஏ. 2018-ல அங்க பேங்க், ஃபைனான்ஸ் துறை மேல ராயல் கமிஷன்னு அரசாங்க விசாரணை வந்து நாறிப்போச்சு, அந்த சமயத்துலயே அட்வைஸர்களுக்கு கட்டாயப் பரீட்சையும் வந்துச்சு, 28 ஆயிரம் பேர் கிட்ட இருந்தவங்க இப்ப 16 ஆயிரத்துக்கும் கீழ. ஆளுதான் குறைஞ்சாங்க, பேப்பர் வேலை குறையல, அதுல ஒரு பங்கு திருநகர்ல எங்க மாடி ரூமுக்கு வந்து சேர்ந்துச்சு.

மொத வருசம் பூரா டெம்ப்ளேட் நிரப்புற வேலைதான். என் முதல் எஸ்ஓஏ 41 கமென்ட்டோட திரும்பி வந்துச்சு, அதுல பாதி "ஏன்?" "ஏன்?"னு மட்டும். இந்த ஃபண்டுக்கு மாறுனா கிளையண்டுக்கு என்ன லாபம், பழசுல எத இழக்குறாரு, ரெண்டையும் எழுதணும்ங்கறது சட்டம், நான் லாபத்த மட்டும் எழுதி வச்சிருந்தேன்.

அப்புறம்தான் ஏஐ வந்துச்சு. மீட்டிங்க அதுவே கேட்டு நோட்ஸ் எடுத்து, டிராஃப்ட்டும் அதுவே அடிச்சு குடுத்துருது. நாலு மணி நேரம் உக்காந்து அடிச்சது அரை மணி நேரத்துல முடிஞ்சா பயமா இருக்காதா, எங்க டீம்ல ரெண்டு பேரு பேங்க் பரீட்சைக்கே படிக்க ஆரம்பிச்சுட்டாங்க.

போன ஜூலைல வந்த கேஸ் அது. மெல்போர்ன்ல 9 மணின்னா நமக்கு வெள்ளன 4:30, எதிர்த்த டீக்கடைல ஷட்டர் கூட தூக்கிருக்க மாட்டாங்க. 54 வயசு கிளையண்ட், ரெண்டு சூப்பர் கணக்கு (நம்ம பிஎஃப் மாதிரின்னு வச்சுக்கங்க), பழசுல ஃபீஸ் ஜாஸ்தி, ரெண்டையும் ஒண்ணாக்கிரலாம்னு டிராஃப்ட் சொல்லுது. கணக்கும் சரியா இருந்துச்சு. ஃபேக்ட் ஃபைண்ட்ல (கிளையண்ட் விவரமெல்லாம் நிரப்புற ஃபாரம்) ஹெல்த்துக்கு நேரா "நல்லா இருக்கு"ன்னு ஒரே வரி, அது என்னமோ எனக்கு உறுத்துச்சு. மீட்டிங் பேச்சு முழுசையும் எடுத்து படிச்சேன், 38 பக்கம். நடுவுல காபிய பத்தி ஏதோ சிரிச்சுப் பேசுறப்ப அவரு சம்சாரம் சொல்லுது, சுகர் மாத்திரைக்கு தினமும் நான்தான் இவரு பின்னாடி ஓடணும்னு. ஏஐ அத வெட்டிப் பேச்சுன்னு தள்ளிருச்சு போல, நோட்ஸ்லயே இல்ல.

பழைய ஃபண்டுக்குள்ள லைஃப் இன்சூரன்ஸ் கவரும் ஊனமானா வர்ற கவரும் இருந்துச்சு. மொத்தப் பணத்தையும் எடுத்தா ரெண்டும் போயிரும், சுகரோட புதுசா கேட்டா பிரீமியத்த ஏத்துவான், இல்ல தரவே மாட்டேன்பான்.

நான் அட்வைஸர் இல்ல, "இப்படி செய்யுங்க"ன்னு சொல்ல எனக்கு லைசென்ஸ் கிடையாது. கேள்வியா மட்டும் கேக்கலாம். அட்வைஸருக்கு அந்த நாலு வரி மெயில எழுத முக்கால் மணி நேரம் ஆச்சு, அவரு தப்பப் புடிச்ச மாதிரியும் தெரியக்கூடாது பாருங்க. ரெண்டு மணி நேரம் பதிலே இல்ல. சரி, கான்ட்ராக்ட் போச்சுன்னு நினைச்சுக்கிட்டு கீழ போயி இட்லி சாப்பிட உக்காந்தேன், போன் வந்துருச்சு. எடுத்ததும் திட்டல, "இன்னும் என்னென்ன பாத்த?"ன்னு கேட்டாரு.

கடைசில பழைய கணக்குல பிரீமியம் கட்ற அளவுக்கு பணத்த விட்டுட்டு மிச்சத்த மட்டும் மாத்துனோம். 16 மாசம் கணக்குல பணமே வரலைன்னா கவர் கட் ஆயிரும், 2019 ஜூலை 1-லருந்து அப்படி ஒரு சட்டம், அதனால கவர் வேணும்னு எழுதியும் குடுக்க வச்சாச்சு. அந்த எஸ்ஓஏக்கு ரெண்டே கமென்ட், ஒண்ணு ஸ்பெல்லிங்.

இப்ப எழுதுற வேலை கம்மி, நோண்டுற வேலை ஜாஸ்தி. வாரத்துல ரெண்டு கிளையண்ட் மீட்டிங்ல மைக்க ஆஃப் பண்ணிட்டு நானும் உக்காந்துருக்கேன். காசு ஒண்ணும் ஏத்தல, அத கேக்கணும். அக்டோபர் முதல் ஞாயிறு அங்க கடிகாரத்த முன்னாடி தள்ளுறாங்க, அப்புறம் நமக்கு 3:30-க்கே லாகின், அம்மாகிட்ட இன்னும் சொல்லல.