94 சென்ரிமீற்றர்

கொழும்புக்கு அங்கால பண்டாரகமவில இருக்கிற பேர்ல் பே தண்ணி விளையாட்டுப் பூங்காவுக்குத்தான் போகவேணுமெண்டு இவர் ஒற்றைக்காலில நிண்டார். கிளிநொச்சியிலயிருந்து கொழும்பே 300 கிலோமீற்றருக்கு மேல. மூண்டு வயசு மகளைச் சுவரில சாத்திக் கோடு போட்டு அளந்தன்: 94 சென்ரிமீற்றர். பெரிய சறுக்குகளுக்கு உயரக் கணக்குப் பாப்பினம். பிள்ளை கீழ நிண்டு தகப்பன் சறுக்கிறதைப் பாக்கவோ?

எனக்கு முதல் நிழல், பிறகு கிட்டடியில கழிவறை. மத்தியான நித்திரைக்கு முதல் வீட்டுக்கு வந்திடவும் வேணும். (நித்திரை குழம்பினா பின்னேரம் வீடு ரெண்டுபடும்.)

அதாலதான் ஆனையிறவு தாண்டி இயக்கச்சி றீச்சாப் பண்ணை. ஊஞ்சலை அவள் திரும்பியும் பாக்கேல்ல. ஆட்டுக்குப் பக்கத்தில குந்தினவள்தான், எழும்ப மாட்டனெண்டிட்டாள். எங்கட வீட்டுக் கோடியிலயும் ரெண்டு ஆடு நிக்குது!

இவர் இன்னும் போனில சறுக்கு வீடியோ பாத்துக்கொண்டிருக்கிறார்.