கடைசியாகத் திறந்த பை

சீஷெல்ஸ் கதையைச் சொல்லும்போது எங்கள் சுங்கத் துறைக்காரர்களுக்கு நெஞ்சு கொஞ்சம் நிமிரும். ஒரு நாட்டின் ஆட்சிக் கவிழ்ப்பைத் தடுத்தது ராணுவம் இல்லை, வருகைக் கூடத்தில் பை சோதித்துக்கொண்டிருந்த ஒரு சுங்க அதிகாரி என்பதில் வரும் பெருமை அது. எனக்கும் உண்டு. ஆனால் பாதி தூரம்தான் அதோடு போக முடிகிறது. அந்தப் பையைத் திறந்ததில் எனக்குக் கேள்வி இல்லை. திறந்த பிறகு நடந்ததில்தான்.

1981 நவம்பர் 25. சீஷெல்ஸின் மாஹே தீவு, பாயின்ட் லாரூ விமான நிலையம். 1976 ஜூன் 29-இல் சுதந்திரம் பெற்ற நாடு. அடுத்த ஜூனிலேயே, அதிபர் ஜேம்ஸ் மான்சம் லண்டன் போயிருந்த சமயம் பார்த்து, பிரதமர் பிரான்ஸ் ஆல்பர்ட் ரெனே ஆட்சியைப் பிடித்துக்கொண்டார். மான்சமைத் திரும்ப உட்கார வைக்க, காங்கோவில் பெயர் எடுத்த கூலிப்படைத் தலைவர் மைக் ஹோர் நாற்பதுக்கும் மேற்பட்ட ஆட்களுடன் ஸ்வாசிலாந்தின் ராயல் ஸ்வாசி விமானத்தில் வந்து இறங்கினார். பின்னால் தென்னாப்பிரிக்க அரசின் கை இருந்தது. வேஷம், ரக்பி ஆட்டக்காரர்களும் தர்ம காரியம் செய்யும் ஒரு பீர் சங்கமும் கலந்தது. பையின் மேல்தட்டில் ஏழைக் குழந்தைகளுக்கான பொம்மைகள், அடியில் ரகசிய அறை, அதற்குள் ஏ.கே. துப்பாக்கி.

எல்லாம் ஒரு பையில்தான் உடைந்தது. பெரும்பாலானவர்கள் சோதனை இல்லாமல் வெளியே போய்விட்டார்கள். கடைசியில் வந்தவர்களில் ஒருவர் சிக்கினார். எப்படிச் சிக்கினார் என்பதில் கதைகள் ஒன்றுபோல இல்லை. ஆள் தவறான வரிசையில் நின்று அதிகாரியோடு வாக்குவாதம் செய்தார் என்பது ஒன்று. முன்னால் போன ஒரு சாதாரணப் பயணியின் பையில் கொண்டுவரக் கூடாத பழம் அகப்பட, அதிகாரிகள் அதன் பிறகு வந்த பைகளைத் துருவ ஆரம்பித்தார்கள் என்பது இன்னொன்று. எதை நம்பினாலும் ஒன்று தெரிகிறது: யாரும் துப்பாக்கியைத் தேடவில்லை.

முதல் நாற்பது பேரை ஏன் விட்டார்கள் என்று கேட்பது சுலபம். அந்தக் கூடத்தில் நின்று பார்த்தவர்களுக்குப் பதில் தெரியும். சுற்றுலாவை நம்பிப் பிழைக்கும் தீவு அது. வருகிறவர்கள் ஒரே விமானத்தில் வந்த, சிரித்துப் பேசும் குழு. குழுவில் முதல் நாலு பேரைப் பார்த்து மனது ஒரு முடிவுக்கு வந்துவிடும். மற்றவர்கள் அந்த முடிவின் மேலேறி வெளியே போய்விடுவார்கள். இதற்குப் பெயர் அலட்சியம் இல்லை. விமானத்தில் வந்த ஒவ்வொருவர் பையையும் பிரித்தால் அடுத்த விமானம் இறங்கும்வரை வரிசை நகராது.

ஆனால் அந்த வேஷத்தில் ஒரு ஓட்டை இருந்தது. அதை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. பொம்மை நல்ல மறைப்புதான். எடை குறைவு, இடத்தை நிரப்பும், பார்த்தால் யாருக்கும் மனது இளகும். சுங்கத்தின் கண்ணுக்கு அது பரிசுப்பொருள். அளவு மீறினால் வரி. நாற்பது பேர் ஒரே மாதிரிப் பையில் தலைக்குக் கொஞ்சம் பொம்மை கொண்டுவந்தால், சரக்கைப் பிரித்துக் 'குருவிகள்' என்னும் கூலி ஆட்கள் கையில் கொடுத்தனுப்பும் வியாபாரி ஞாபகம்தான் எனக்கு முதலில் வரும். தர்ம காரியம் என்றால் வாங்கிக்கொள்ளும் நிறுவனத்தின் கடிதம் எங்கே என்று கேட்பேன். அன்று அந்த ஒரு கேள்வியை யாராவது கேட்டிருந்தால் முதல் பையே திறந்திருக்கும். திறந்து என்ன ஆகியிருக்கும் என்பது வேறு விஷயம், அதற்கு வருகிறேன்.

பையைப் பற்றி ஒரு வார்த்தை. துணிப்பையில் ரகசிய அறை வைப்பது பெட்டியில் வைப்பதைவிடக் கஷ்டம். துணி தொங்கும், போலித் தட்டு நிற்க வேண்டுமென்றால் அடியில் விறைப்பாக ஏதாவது கொடுக்க வேண்டும், அந்த விறைப்பே காட்டிக்கொடுக்கும். சோதிக்கிறவர் முதலில் பார்ப்பது ஆழம். வெளிப்பக்கம் விளிம்பிலிருந்து மேசைவரை ஒரு கை, உள்பக்கம் தட்டுவரை ஒரு கை. ஒரு விரற்கடை வித்தியாசம் என்றால் துணியும் அட்டையும். நாலு விரற்கடை என்றால் விடக்கூடாது. அடுத்தது, எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிட்டுக் காலிப் பையைத் தூக்குவது. பின்கட்டை மடங்கும் ஏ.கே. ரகம், மடக்கினால் ஏறக்குறைய 65 சென்டிமீட்டர், மூன்றரைக் கிலோ அளவில் எடை. கூடவே ரவை நிரப்பிய இரும்பு மேகஸின் மூன்று வைத்தால் ஆறு கிலோ வரும். காலிப் பை ஆறு கிலோ கனக்காது, கையே சொல்லிவிடும். மூன்றாவது தையல். கம்பெனித் தையல் ஒரே சீராக ஓடும். பிரித்துத் தைத்த இடத்தில் பழைய ஊசித்துளைகள் நூலுக்குப் பக்கத்திலேயே கண் சிமிட்டும். இதில் எதற்கும் கருவி வேண்டாம். அரை நிமிடம் போதும்.

சரி, கண்டுபிடித்தாயிற்று. இங்கேதான் என் மனது சுற்றிச் சுற்றி வருகிறது.

எங்களுக்குச் சொல்லித்தரும் முறை இது: ஆயுதம் தட்டுப்பட்டால் வெளியே எடுக்காதே. முகம் மாறாதே. மேலே இருந்த துணியை மறுபடி போட்டு மூடு. "ஒரு ஃபார்ம் எழுதணும் சார், உள்ளே வாங்க" என்று பையை உன் பக்கம் இழுத்துக்கொண்டு ஆளை அதிலிருந்து பிரி. பையும் ஆளும் சேர்ந்திருக்கும்வரை அது ஆயுதம், பிரித்துவிட்டால் வெறும் தடயம். பக்கத்து மேசைக்காரருக்குக் கண்ணால் சொல். கூச்சல் கடைசி வழி.

அன்று அப்படி நடக்கவில்லை. துப்பாக்கி கூடத்திலேயே எல்லோர் கண்ணுக்கும் தெரிந்துவிட்டது. சில நிமிடங்களில் வெளியே நின்றவர்களும் தங்கள் பைகளின் அடித்தட்டைக் கிழித்தார்கள். விமான நிலையமே போர்க்களம் ஆனது. சீஷெல்ஸ் ராணுவ அதிகாரி ஒருவர் செத்தார், கூலிப்படையிலும் ஒருவர்.

முறைப்படி செய்திருந்தால்? ஒரு பக்கம் பார்த்தால், வெளியே வண்டி ஏறிக்கொண்டிருந்தவர்களுக்கு விஷயம் தெரிந்திருக்காது. அவர்கள் போக இருந்தது ஹோட்டலுக்கு. அன்றே சுடுவது திட்டமில்லை. போலீசுக்கும் ராணுவத்துக்கும் சுற்றி வளைக்க ஓர் இரவு கிடைத்திருக்கும். இன்னொரு பக்கம், ஒரு துப்பாக்கியைக் கண்ட அதிகாரிக்கு இன்னும் நாற்பது இருப்பது எப்படித் தெரியும்? ஒரு பை என்றால் ஒரு ஆள் என்றுதான் கை நினைக்கும். ஆளை உள்ளே கூட்டிப்போனால் கூட்டாளிகள் தேடி வரமாட்டார்களா? நாற்பது பேரும் ஹோட்டல்வரை போய்ப் படுத்து எழுந்திருந்தால், அவர்கள் தேர்ந்தெடுத்த இடத்தில், அவர்கள் தேர்ந்தெடுத்த நேரத்தில் சண்டை நடந்திருக்கும். அவசரப்பட்ட சண்டை என்பதால்தான் தோற்றார்கள். இதை நினைக்கும்போது, அந்தக் கூச்சலே நாட்டைக் காப்பாற்றியது என்று தோன்றும். உடனே செத்தவர் ஞாபகம் வரும்.

பாடம் நடத்துகிறவர்கள் இதை விழிப்புணர்வின் வெற்றி என்கிறார்கள். பழக் கதை உண்மையென்றால் அது விழிப்புணர்வும் இல்லை, பயிர்ப் பூச்சிக்காகப் போட்ட விதி ஒன்று வேலை செய்தது, அவ்வளவுதான். ஒருவேளை நம் தொழிலே அதுதானோ என்னவோ. சின்ன விதியைச் சலிப்பில்லாமல் பிடித்துக்கொண்டிருந்தால் எப்போதாவது பெரியது வந்து மாட்டும். நாற்பது பையை விட்ட கூடத்தைப் பற்றி இப்படிச் சொல்லலாமா என்று மறுபடி இடிக்கிறது.

மிச்சக் கதை இந்தியர்களுக்குத் தெரிந்ததுதான். சால்ஸ்பரியிலிருந்து (இன்றைய ஹராரே) பம்பாய் போகும் ஏர் இந்தியா 224, சண்டைக்கு நடுவில் இறங்கியது. ஓடுபாதையில் நின்ற வண்டியில் உரசி இறக்கை மடல் ஒன்று சேதமானது. கேப்டன் உமேஷ் சக்சேனாவுக்கு மேலே ஏறிப் போக எரிபொருள் இல்லை. கடைசியில் ஹோரின் ஆட்கள் அதே போயிங் 707-இல் ஏறி டர்பனுக்குப் போனார்கள். போகும் வழியில் கதவைத் திறந்து துப்பாக்கிகளைக் கடலில் போடலாமா என்று ஹோர் கேட்டாராம். அழுத்தம் ஏற்றிய விமானத்தில் கதவு திறக்காது என்பதுகூட அவருக்குத் தெரியவில்லை. இவ்வளவு திட்டம் போட்ட ஆள்!

தென்னாப்பிரிக்கா முதலில் 39 பேரை வழக்கே இல்லாமல் விட்டது. உலகம் கத்திய பிறகு எல்லோர் மேலும் விமானக் கடத்தல் வழக்கு. 42 பேர் தண்டிக்கப்பட்டார்கள். ஹோருக்கு 10 ஆண்டு, 1985-இல் வெளியே வந்துவிட்டார். மாஹேயில் சிக்கியவர்களில் நான்கு பேருக்கு 1982-இல் மரண தண்டனை. அடுத்த ஆண்டே அவர்களையும் விடுவித்தார்கள். ஆக, டர்பன் போனவர்களை உள்ளே தள்ளியது விமானம்தான், பை இல்லை.

விமானத்தில் ஏற்றும் ஒவ்வொரு பையையும் புறப்படும் இடத்திலேயே சோதிக்க வேண்டும் என்பது 2006 ஜனவரி முதல் உலக விதி. ஹோரின் ஆட்கள் விமானம் ஏறிய ஸ்வாசிலாந்தின் மன்சினியில் அன்று அது இருந்திருந்தால் இந்தப் பேச்சே இல்லை. 65 சென்டிமீட்டர் இரும்பு திரையில் நீலமாகப் பளிச்சென்று கிடந்திருக்கும். நம் ஊர்களில் வருகைப் பைகளுக்கும் பெல்ட்டுக்கு வரும் முன்பே எக்ஸ்ரே பார்த்து, சந்தேகம் இருந்தால் சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி போட்டுவிடும் வழக்கம் உண்டு. பயணி பையை எடுக்கும் முன்பே அதிகாரிக்கு விஷயம் தெரியும். ஆளைத் தனியே அழைக்க அவகாசம் கிடைக்கும். சிக்கல், அந்தக் குறி பயணிக்கும் தெரியும். கைக்குட்டையால் துடைத்துவிட்டு, வரி கட்ட எதுவும் இல்லாதவர்களுக்கான கிரீன் சேனலில் நடக்கிறவர்கள் இருக்கிறார்கள். அதனால் குறியைப் பையின் அடிப்பக்கம் போடுவதே நல்லது.