அமெரிக்காவின் பழைய கல்லூரிக் கட்டிடங்கள்: தேர்வுக்கு நான் படித்த வழி

கட்டிடக்கலை வரலாற்றுத் தாளுக்கு இந்தப் பகுதியைப் படிக்கும் பலரும் கல்லூரிப் பெயரையும் ஆண்டையும் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்கிறார்கள். எனக்குக் கைகொடுத்தது, ஒரே ஒரு கட்டிடத்தை முழுசாகப் படித்தது. நான் எடுத்துக்கொண்டது பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் உள்ள நசாவ் ஹால்.

பிலடெல்பியாவைச் சேர்ந்த ராபர்ட் ஸ்மித் வடிவமைத்த அது 1756-இல் முடிந்தது. வகுப்பறை, நூலகம், பிரார்த்தனைக் கூடம், மாணவர் அறைகள் எல்லாம் ஒரே கல் கட்டிடத்துக்குள். அன்று கல்லூரி என்றாலே அந்த ஒரு கட்டிடம்தான். இது மனதில் பதிந்தால் நீண்ட முகப்பு, சற்று முன்தள்ளிய நடுப்பகுதி, அதன் மேல் முக்கோண முகடு, கூரையில் மணிக்கூண்டு எல்லாம் தானாகவே நினைவில் நிற்கும். பிரவுன் பல்கலைக்கழகத்தின் யுனிவர்சிட்டி ஹால் படத்தைப் பார்த்தாலும் அதே சாயல் உடனே தெரியும்.

அப்புறம் தீ. நசாவ் ஹால் 1802-இலும் 1855-இலும் எரிந்தது. முதல் தடவை கட்டிடக் கலைஞர் லட்ரோப் சீரமைத்தார்; இரண்டாம் தடவை இன்னொரு கட்டிடக் கலைஞரான ஜான் நாட்மன் இத்தாலிய பாணியில் வளைவு வாசலும் இருபுறமும் கோபுரங்களும் சேர்த்தார். ஆகவே இன்றைய புகைப்படத்தை வைத்து 1756-இன் முகப்பை விவரிக்காதீர்கள். மூன்று கட்டங்களையும் ட்ரேசிங் தாளில் ஒன்றன்மேல் ஒன்றாக வரைந்து பாருங்கள். நான் படித்ததிலேயே அதிகப் பலன் தந்த பயிற்சி அது.

வில்லியம் அண்ட் மேரி கல்லூரியின் ரென் கட்டிடமும் 1705, 1859, 1862 என மூன்று முறை எரிந்தது. அதைப் புகழ்பெற்ற ஆங்கிலேயக் கட்டிடக் கலைஞர் கிறிஸ்டோபர் ரென்தான் வடிவமைத்தார் என்று உறுதியாக எழுத வேண்டாம். 1724-இல் அந்தக் கல்லூரியின் ஆசிரியர் ஹியூ ஜோன்ஸ் எழுதிய குறிப்பை வைத்தே அப்படிச் சொல்கிறார்கள். ரென் கைப்பட்ட வரைபடம் எதுவும் கிடைத்ததில்லை.

இவ்வளவும் தெரிந்த பிறகு, அமெரிக்க அதிபராகவும் இருந்த கட்டிடக் கலைஞர் தாமஸ் ஜெபர்சனுக்கு வாருங்கள். எல்லாவற்றையும் ஒரே பெரிய கட்டிடத்தில் அடைத்தால் தீ விபத்துக்கும் தொற்றுநோய்க்கும் இடம் கொடுக்கும் என்று 1810-லேயே கடிதத்தில் எழுதியவர் அவர். தான் வடிவமைத்த வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் புல்வெளியின் இருபுறமும் 10 பெவிலியன்களை (பேராசிரியர் வீடும் வகுப்பறையும் சேர்ந்த தனிக் கட்டிடங்கள்) அவர் பிரித்து வைத்ததன் காரணம் அங்கே புரியும். ரோமின் பழைய கோயிலான பாந்தியனைப் பின்பற்றிய ரொட்டண்டாவை (அங்குள்ள குவிமாடம் கொண்ட வட்டக் கட்டிடம்) மட்டும் எழுதிவிட்டு நிறுத்துவது அரைகுறைப் பதில். அந்தச் சுவர்களை எழுப்பியதில் அடிமைப்படுத்தப்பட்ட கறுப்பின மக்களின் உழைப்பு பெரும்பங்கு. அதற்கென ஒரு பத்தி கட்டாயம் ஒதுக்குங்கள்.